குலத்துக்கு ஆகாத பயறு

எகுகுப் புழுவை வறுக்கும்போது உப்பை முதலில் போடக் கூடாது. பலர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். சுடுமணலில் போட்டுப் புரட்டி, மேலே இருக்கிற முடியெல்லாம் பொசுங்கி உதிர்ந்த பிறகு, சல்லடையில் சலித்து, அப்புறம்தான் உப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முதலிலேயே உப்புப் பட்டால் தோல் இறுகிவிடும், முடி போகாது, தின்றவனுக்குத் தொண்டை அரிக்கும். நான் வறுத்த புழுவைத் தின்று இந்த ஊரில் ஒருவருக்கும் தொண்டை அரித்ததில்லை. சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் வாசலையே பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஜீப் நிற்பது எனக்கும் தெரிகிறது. லாடிப்போ மிஷன் ஆஸ்பத்திரியில் பட்டினி கிடக்கிறான். ஊசி ஏறுகிறது, ஆனால் அவர்கள் கொடுக்கிற எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறான். நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் சாப்பிடுவான், இல்லாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்டுக்கொண்டேன். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. கோலாக் கொட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுவார்கள். அதற்கு முன்னால் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

லாடிப்போ என் தம்பி. அவன் தவழ ஆரம்பித்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குள் என் புருஷனும் செத்து, வயிற்றில் ஒன்றும் தங்காமல், நான் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தேன். அப்பாவும் அதிக நாள் இருக்கவில்லை. அப்புறம் இந்த வீட்டில் அவனும் நானும்தான். உங்களுக்குத் தெரியாததா, நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் பேர் அசாபி. அந்தப் பேரைக் கடைசியாக யார் சொன்னார்கள் என்றே ஞாபகமில்லை. சந்தையில் எல்லோருக்கும் நான் லாடிப்போ அம்மா. பெறாமல் கிடைத்த பேர் என்பதால் அதை நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே வைத்துக்கொண்டேன்.

கொல்லையில் உயரமாக, வெளிறின பட்டையோடு நிற்கிறதே, அதுதான் அரேரே மரம். முதல் மழை விழுந்ததும் அதில் அந்துப்பூச்சி வந்து உட்காரும். வெள்ளை இறகு, அதில் பழுப்புக் கோடு. அந்தப் பூச்சிக்குத் தின்ன வாய் கிடையாது. கேலி இல்லை, நிஜமாகவே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் இலைக்கு அடியில் குவியலாக முட்டை வைத்து, தன் வாலில் இருக்கிற முடியைப் பிய்த்து முட்டையின் மேல் போர்த்தி மூடிவிட்டுக் கீழே விழுந்து செத்துவிடும். காலையில் கூட்டும்போது துடைப்பத்தில் வரும். நான் மட்டும் அவற்றைக் குப்பையில் போடுவதில்லை, மரத்தடியிலேயே ஒதுக்கிவைப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள்.

முட்டையிலிருந்து எகுகுப் புழுக்கள் ஒன்றாகவே வெளியே வரும், ஒன்றாகவே தின்னும். ஒரு கிளையில் இலை தீர்ந்தால் ஒன்றின் வாலில் ஒன்று தலையை ஒட்டிக்கொண்டு, கயிறு இறங்குவது மாதிரி வரிசையாக அடுத்த கிளைக்குப் போகும். சின்ன வயதில் லாடிப்போ ஒரு புழுவைக் குச்சியால் வரிசையிலிருந்து தள்ளிவிட்டான். அது அங்கேயே வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது, கடைசியில் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் அழுத அழுகை இருக்கிறதே, சாயங்காலம் வரை சோறு இறங்கவில்லை. கொழுத்த பிறகு எல்லாப் புழுவும் சேர்ந்து ஒரே பையாகக் கூடு கட்டும். மனிதத் தலை அளவு இருக்கும் அந்தப் பை. அதற்குள்ளே ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சின்னக் கூட்டில் முடங்கிக்கொள்ளும். அந்தப் பையைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து நூல் எடுப்பதுதான் என் தொழில். சான்யான் துணி என்று கல்யாணத்துக்கும் பட்டம் கட்டும்போதும் போர்த்துகிறார்களே, நிலக்கடலைத் தோல் நிறத்தில், அதற்கான நூல். கூட்டுக்குள் போகிற சமயத்தில் பிடிக்கிற புழு அடுப்புக்கு. இரண்டும் ஒரே பையிலிருந்துதான் வருகின்றன.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் எல்லோருக்கும் கஷ்டம். பயறு கண்ணால் பார்க்க முடியவில்லை, மீன்காரி இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. சொந்த நிலத்து மரவள்ளியை இடித்துக் களி கிண்டித் தின்று காலம் தள்ளினோம். லாடிப்போவுக்கு லாகோஸில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டான். மரத்தில் புழு கொழுத்திருந்தது, வெறுங்களிக்குத் தொட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை, நிறைய வறுத்துக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றான். மறுநாள் காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தவன், தரை நழுவுகிறது என்றான். கை நடுங்கியது, நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது, கண்மணி இரண்டும் நிற்காமல் ஆடின. வாசலில் போன கள்ளுக்காரன் ஒகுன்லோலா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன லாடிப்போ அம்மா, எனக்குத் தெரியாம எம் பானையில வாய வெச்சிட்டானா? விடியறதுக்குள்ள இந்த ஆட்டம் ஆடறானே" என்றான். நான் அவனை முறைத்ததில் அவன் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு உயிரே போய்விட்டது, ஐயா. தோளில் சாய்த்துக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் லாடிப்போ எழுந்து உட்கார்ந்துவிட்டான், அப்புறம் அசந்து தூங்கினான். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நிதானமாக, ஒரு பிள்ளைக்குச் சொல்லுவது போலச் சொன்னார். அந்தப் புழுவுக்குள் ஒன்று இருக்கிறதாம், அது நம் உடம்பில் இருக்கிற ஒரு சத்தைத் தின்றுவிடுமாம். பயறு, கடலை, மீன் என்று தின்கிறவனிடம் அந்தச் சத்து நிறைய இருக்கும், கொஞ்சம் போனால் தெரியாது. வெறும் மரவள்ளியில் கிடக்கிற உடம்பு மறுநாளே விழுந்துவிடும். உடனே ஊசி போட்டால் சரியாகும். ஆனால் திரும்பத் திரும்ப விழுந்தால் அது மூளைக்குப் போகும், ஞாபகம் போய்விடும், போனது திரும்பாது. "பயறு போடுங்கம்மா, மீன் போடுங்க. அந்தப் புழுவ மட்டும் இவன் தொடவே விடாதீங்க" என்றார். நான் மண்டியிட்டு நன்றி சொன்னேன். எனக்கு அவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வார்த்தை விடாமல் மனதில் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், டாக்டர் என்ன சொன்னார் என்று லாடிப்போ கேட்டான். மலேரியா மாதிரி ஏதோ ஒன்று என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. லாகோஸ் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அவன் பையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டான், உள்ளூர் மரம் அறுக்கிற ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். அந்த வருடம் நான் நன்றாகத் தூங்கினேன்.

அரினோலா வந்தது அதற்குப் பிறகு. அகுரேயில் தையல் கடை வைத்திருந்த பெண். கெட்டிக்காரி, சிரித்த முகம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். கல்யாணமானதும் இரண்டு பேரும் லாகோஸ் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். லாடிப்போ என் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஆசீர்வாதம் கேட்டான். கொடுத்தேன். அவன் கல்யாணத்துக்கென்று நல்ல கூடுகளாகப் பொறுக்கி நானே நூல் நூற்றேன். அதில் பொய் இல்லை. அந்த நூல் மாதிரி ஒரு நூலை நான் யாருக்கும் நூற்றுக் கொடுத்ததில்லை, இசேயின் ஊரில் நெய்கிறவரே தடவித் தடவிப் பார்த்தார்.

பெண் கொடுக்கும் முன் நம்மவர்கள் விசாரிப்பார்கள் அல்லவா. அந்தக் குடும்பத்தில் பைத்தியம் உண்டா, குஷ்டம் உண்டா, நடுக்கம் உண்டா, வலிப்பு உண்டா என்று. அரினோலாவின் அத்தை அந்த வேலைக்குப் பேர் போனவள். கிணற்றடியில் நின்று நாலு பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் தெரிந்துகொண்டு போவாள் என்பார்கள். அவள் சந்தை நாளன்று வருவதாகச் சொல்லி அனுப்பினாள். மழை பிடித்துக்கொண்டிருந்த காலம். மரத்தில் புழுக்கள் வரிசை கட்டி இறங்க ஆரம்பித்திருந்தன. அதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்தே வீட்டில் பயறு வாங்குவதை நிறுத்தியிருந்தேன். விலை ஏறிவிட்டது என்றேன், ஏறித்தான் இருந்தது. அத்தை வருவதற்கு முதல் நாள் லாடிப்போ மரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, புழு கொழுத்திருக்கே" என்றான். அவனாகத்தான் கேட்டான். வறுத்தேன்.

ஒருவேளை புழு தின்றதால்தான் போன தடவை உடம்புக்கு வந்ததோ என்று அவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சொன்னான். நான் அவன் தட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அவன் எதிரிலேயே தின்றேன். "ஊரே தின்னுது. எனக்கு ஒண்ணும் ஆகலயே" என்றேன். உண்மைதான். எனக்கு ஒன்றும் ஆகாது. நான் அடுப்பங்கரையில் பயறு தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தை வந்து இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். லாடிப்போ காலையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடமாடினான், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மாப்பிள்ளையாகப் போகிறவன் விழுந்து வணங்க வேண்டுமே. அத்தைக்கு முன்னால் முழுசாகத் தரையில் விழுந்தான். அழகாகத்தான் விழுந்தான். அவள் மனம் குளிர்ந்து, "போதும்யா மரியாதை, எழுந்திரு" என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. கையை ஊன்றினான், கை நடுங்கி மடிந்தது. காலை இழுத்தான், கால் வேறு எங்கோ போனது. கன்னம் தரையில் ஒட்ட அப்படியே கிடந்தான். நான் போய்த் தூக்கினேன்.

அத்தை நீட்டியிருந்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இது எத்தனை வருசமா இருக்கு?" என்றாள்.

"மழை வந்தா வரும். அப்புறம் போயிடும்" என்றேன்.

"அப்பனுக்கும் இருந்துச்சா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருந்தது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் நான் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனாள். போனவள் வழியிலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனாள். அன்று நான் அழுதது நடிப்பு இல்லை, ஐயா. அவன் தரையில் கிடந்த கோலம் எனக்குத் தாங்கவில்லை. அதற்கும் என் சோற்றுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பது போல அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வேறு பெண்ணாக இருந்தால் முடிந்திருக்கும். அரினோலா தன் வீட்டாரை எதிர்த்துக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் தனியாக வந்து என் முன்னால் மண்டியிட்டாள். நான் அகாரா வடை பொரிப்பதற்குத் தட்டைப்பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். லாடிப்போவுக்கு அகாரா என்றால் உயிர். சின்னப் பிள்ளையிலிருந்து எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர மாட்டான்.

"வீட்டுல யாரும் வேணாம்னுட்டாங்க அக்கா. எனக்கு அவரு போதும்" என்றாள். "ஆஸ்பத்திரியில அவருக்கு எது ஆகாதுன்னு சொன்னாங்களோ அத அப்படியே எனக்குச் சொல்லிக்குடுங்க. நான் பாத்துக்கறேன்."

நான் முறத்தைப் பார்த்தேன். முறத்தில் பயறு இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு என்ன தெரியும்" என்றேன். "இது எங்க குலத்து விசயம். எங்க குலத்து ஆம்பளைக்குப் பயறு ஆகாது. கடலை ஆகாது, மீனும் ஆகாது. அப்பா சாகும்போது எங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு. மீறித் தின்னா காலு போகும்."

"இத்தன வருசம் அகாரா தின்னாரே?"

"அதான் காலு போகுது" என்றேன்.

அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சாகும்போது தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் ஒரு குலத்துக்கு எது ஆகும் எது ஆகாது என்பதை வீட்டில் மூத்தவர்தான் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் மூத்தவள் என்று நான் ஒருத்திதான் மிச்சம். நான் சொன்னால் அது உண்டு. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயங்காலம் ஆலையிலிருந்து வந்த லாடிப்போவிடம் அவளே சொன்னாள். அவன் முறத்தில் இருந்த பயறைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். அப்புறம் ஒரு நாளும் அவன் அதைத் தொடவில்லை. அகாரா பொரிக்கிறவள் சட்டி வைத்திருக்கும் தெருமுனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போவான். அரினோலா ஞாயிறுதோறும் அகுரேயிலிருந்து வந்து தன் கையாலேயே அவனுக்கு மரவள்ளிக் களி கிண்டி, வெறும் வெண்டைக்காய்க் குழம்பு வைத்துப் போடுவாள். குழம்பில் ஒரு துணுக்குக் கருவாடு விழாமல் பார்த்துக்கொள்வாள். என்னைவிடக் கண்டிப்பாக இருந்தாள். அவள் வந்த பிறகு எனக்குப் பாதி வேலை குறைந்தது என்று சொல்ல வேண்டும்.

அடுத்த மழைக்கு மரத்தில் முட்டை நிற்கவில்லை. எறும்புப்படை ஏறித் துடைத்துவிட்டது. அந்த வருடம் லாடிப்போ ஒரு தடவைகூட விழவில்லை. இளைத்துத்தான் இருந்தான், ஆனாலும் கால் நின்றது. "பாத்தியா அக்கா, அப்பா சொன்னது எவ்வளவு சரி" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். அரினோலா இல்லாத தெய்வத்துக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். வருகிற மழைக்காலம் கழியட்டும், யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை, பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு லாகோஸ் போய்விடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்னையும் கூட வரச் சொன்னார்கள். அரினோலாதான் முதலில் சொன்னாள். லாகோஸில் எனக்கு என்ன வேலை? அங்கே எந்தச் சந்தையில் என்னை யார் லாடிப்போ அம்மா என்று கூப்பிடுவார்கள்? அடுத்த வருடம் அவளுக்குப் பிள்ளை பிறக்கும், அவள் இன்னாருடைய அம்மா ஆவாள், அவன் இன்னாருடைய அப்பா ஆவான். நான் பழையபடி அசாபி ஆவேன்.

கோபத்தில் செய்தாயா என்று வந்ததும் கேட்டீர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். முதல் மழையில் பூச்சி வந்தது. போதாது என்று காட்டுக்குப் போய் முட்டை ஒட்டின கிளைகளை ஒடித்துவந்து நம் மரத்தில் கட்டினேன். எறும்பு ஏறாமல் மரத்தைச் சுற்றிச் சாம்பல் கொட்டினேன், மழை கரைக்கக் கரைக்கத் திரும்பக் கொட்டினேன். முட்டை பொரிந்தது. புழு மயிரிழை மாதிரி இருந்தது. தோல் உரித்தது, தின்றது, திரும்பத் தோல் உரித்தது. இளங்குருத்து தீர்ந்துவிட்டால் வேறு கிளையை வளைத்துக் கட்டினேன். வரிசை கட்டி நடக்கும்போது கோழி கொத்தாமல் உட்கார்ந்து காவல் காத்தேன். மாதக்கணக்காக ஆகிற வேலை அது. அவ்வளவு நாளும் ஒரு மனுஷி கோபமாகவே இருக்க முடியுமா? நான் கோபப்படவே இல்லை. அந்தக் காலம் முழுக்க மனசு அமைதியாக இருந்தது. லாடிப்போகூடச் சில சாயங்காலங்களில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புழு போகிற வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கூடு கட்டுகிற சமயத்தில் மொத்தமாக எடுத்தேன். அப்போதே கொஞ்சம் அவனுக்கு வறுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை வறுத்து, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்துப் பொடியாக்கி மண்பானையில் மூடி வைத்தேன். வெண்டைக்காய்க் குழம்பில் எதைப் போட்டாலும் தெரியாது, அந்த வழவழப்பில் எல்லாம் மறைந்துவிடும். கல்யாணத் தேதி வருவதற்குள் அவன் மூன்று தடவை விழுந்தான். இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், குலத்துச் சங்கதிக்கு ஊசி போட்டால் தெய்வம் கோபிக்கும் என்றேன். மழை நின்றது, வெயில் காய்ந்தது, ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. மழையோடு போய்விடுமே, இப்போது மட்டும் ஏன் போகவில்லை என்று ஊரில் எல்லோரும் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். அரினோலா கடையை மூடிவிட்டுத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். களி அவள் கிண்டுவாள், குழம்பு நான் வைப்பேன். ஊட்டிவிடுவது அவள்தான். "இன்னும் ஒரு வாய், எனக்காக" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவாள்.

ஒரு மத்தியானம் அவள் அதோ அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, என் நூலில் நெய்த துணியில் அவனுக்குக் கல்யாணச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவன் பாயில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, மரியாதையாகக் கேட்டான்: "இந்தப் பொண்ணு யாரு? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கு. தண்ணி குடுத்தீங்களா அம்மா?"

அம்மா என்றான். அது வரை அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஊர் முழுக்க என்னை அவன் அம்மா என்று சொல்லும், அவன் மட்டும் சொன்னதில்லை. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அரினோலா மெஷினை நிறுத்தவில்லை. துணி ஊசியைத் தாண்டிக் கீழே விழுந்துவிட்டது, அவள் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் அழுது ஓய்ந்துவிடுவாள், மெஷினைத் தூக்கிக்கொண்டு அகுரேக்குப் போய்விடுவாள் என்று இருந்தேன். அவள் ஓவோவுக்குப் போனாள். எங்கள் அப்பாவின் தம்பி ஒருவர் அங்கே இருக்கிறார், நான் அவரை மறந்தே போயிருந்தேன். குலக்குற்றத்துக்கு ஏதாவது பரிகாரம் இருந்தால் கேட்டுவரலாம் என்று போயிருக்கிறாள். போன நேரம் சித்தப்பா முற்றத்தில் உட்கார்ந்து, இலையில் குவித்துவைத்து அகாரா தின்றுகொண்டிருந்தாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். "குலமாவது ஆகாததாவது. பல்லு முளைச்ச நாள்லேருந்து தின்னுக்கிட்டிருக்கேன். உம் மாமனாரு எம் பங்கையும் புடுங்கித் தின்ன ஆளும்மா" என்றாராம். இதெல்லாம் சித்தப்பாவே இங்கே வந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னது.

சித்தப்பாவும் இரண்டு ஆட்களுமாக வேனில் வந்து லாடிப்போவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுப்பங்கரையில் இருந்த பொடிப் பானையையும் எடுத்துக்கொண்டார்கள். அரினோலா என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். அவள் தன் இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாள். "அக்கா, நான் எங் கையால கிண்டிப் போட்டேனே. எங் கையால ஊட்டினேனே" என்றாள். நன்றாகத்தான் கிண்டினாள், கட்டி தட்டாமல்.

ஆகவே, ஆமாம், ஐயா. நான்தான். தெரிந்துதான் செய்தேன், டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் செய்தேன். அவர் எதைப் போடு என்றாரோ அதை நிறுத்தினேன், எதை நிறுத்து என்றாரோ அதைப் போட்டேன். இதில் அரினோலாவுக்குப் பங்கு இல்லை, சித்தப்பாவுக்குத் தெரியாது. எங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ வைக்கிறேன். ஜெயிலுக்கு வரச் சொன்னால் இதோ துணியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன், ஒரு நிமிஷம் ஆகாது.

ஆனால் நீங்கள் ஜெயிலுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறீர்கள். அவனுக்கு அரினோலாவின் பேர் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னாலும் மறுநாள் யாரம்மா நீ என்கிறான். அவன் பார்த்த வேலை, போகவிருந்த ஊர், தைத்துவைத்த சட்டை, எல்லாம் துடைத்துப் போய்விட்டது. பயறு ஆகாது, மீன் ஆகாது என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. கஞ்சி கொடுத்தாலும் அதில் பயறு கலந்திருக்கும் என்று வாயை மூடிக்கொள்கிறானாம். சித்தப்பா அவன் எதிரிலேயே உட்கார்ந்து அகாராவைத் தின்று காட்டியும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டானாம். ஊசியில் போகிற சத்து மட்டும் போதாது, வயிற்றில் ஏதாவது விழ வேண்டும் என்கிறார் டாக்டர். அவன் என்னையே கேட்டு, அம்மா சொல்லட்டும், தின்கிறேன் என்கிறானாம். நான் வந்து அவன் தலைமாட்டில் நின்று, அப்படி ஒன்றும் கிடையாதுடா, நம் குலத்துக்குப் பயறு ஆகும், தின்னு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதானே நீங்கள் கேட்பது.

நீங்கள் பேசின நேரம் முழுக்க நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வருவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. களி கிண்டி எடுத்துவரச் சொன்னால் கிண்டுகிறேன், ஊட்டச் சொன்னால் ஊட்டுகிறேன், மடியில் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் சொல்ல முடியாது, ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு வருடம் அவன் பக்தியாக அனுசரித்ததை உயிர் போகிற நேரத்தில் மீறச் சொல்லுவதற்கு நான் யார்? எங்கள் குலத்து ஆண்பிள்ளைக்குப் பயறு ஆகாது. அப்பா சாகும்போது என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.